மச்சான் பங்குக் காற்றும் என் சோலாரும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நாற்காலியைத் தூக்கிப் போடுங்கள், இழுக்காதீர்கள். தரையில் தேய்ந்தால் சத்தம் கேட்கும். சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. என் மனைவி கலியோப்பிக்கு எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் நான் நினைப்பது கேட்கும். பேசினால் கேட்காதா?

எங்கள் ஊர் கிரேக்க நாட்டில், ஆர்கோஸ் பக்கம். சுற்றிலும் ஆரஞ்சுத் தோப்பு, தள்ளி ஒரு மலை, மலை மேல் பழைய கோட்டை. எங்கள் ஊரில் முடிந்த வீடு என்று ஒன்று கிடையாது. சுவர் முடிகிற இடத்தில் கம்பி ஆரம்பிக்கும். மொட்டை மாடியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொத்துக் கம்பி, வானத்தைப் பார்த்து. பிள்ளைகளுக்கு அடுத்த மாடி எழுப்ப வேண்டுமே, அதற்காக. ஒருத்தன் கம்பியை வெட்டி ஒழுங்காகத் தளம் பூசி முடித்தான் என்றால், 'பாவம், அவனுக்கு வாரிசு மேலே நம்பிக்கை இல்லை' என்று காபிக்கடையில் ஒரு வாரம் பேசுவார்கள். கம்பி நுனியில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்போம். மழைக்குத் துருப்பிடிக்காது, கண்ணிலும் குத்தாது.

இன்னும் கட்டாத அந்த மாடிக்கு எங்களிடம் ஒரு பேர் உண்டு. காற்று. 'கீழ்வீடு பெண்ணுக்கு, காற்று பையனுக்கு' என்று பாகம் பிரிப்பார்கள். காற்றை விற்பார்கள், வாங்குவார்கள். காற்றுக்காக அண்ணனும் தம்பியும் சாகும்வரை பேசாமல் இருப்பார்கள்.

இந்த வீடு கலியோப்பிக்கு அவள் அப்பா கொடுத்த சீதனம். ஒரு ஈஸ்டர் அன்று, மனுஷன் ஆட்டுத் தொடையை அறுத்துக்கொண்டே சொன்னார்: "வீடு கலியோப்பிக்கு. மேல இருக்கிற காத்து பெரிக்லிஸுக்கு." பெரிக்லிஸ் அவருடைய மகன், என் மச்சான். அப்போதே மெல்போர்னுக்குக் கப்பல் ஏறிவிட்டிருந்தான். நான் சிரித்தேன். காற்றுதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று. நான் இதுவரை சிரித்த சிரிப்புகளிலேயே விலை அதிகமானது அதுதான்.

போன வருஷம் பிப்ரவரியில் போன் வந்தது. கலியோப்பி அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வைத்தாள்.

"அண்ணன் வருது," என்றாள்.

"எப்ப வருது, எப்ப போகுது?"

"வருது. அவ்வளவுதான்."

"போறது?"

"போறதப் பத்திப் பேச்சே வரலியே."

பெரிக்லிஸை உங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் தங்க வந்தவன், ஒலிவக் காய் பறித்து, ஆட்டி, எண்ணெயைப் பங்கு போடும் வரை இருந்தான். அவனிடம் ஒரு கிளாரினெட் உண்டு. விடிவதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஏறி நின்று ஊதுவான். எங்கள் சேவல் இரண்டு நாள் போட்டி போட்டுப் பார்த்தது. மூன்றாம் நாள் கூவுவதையே விட்டுவிட்டது. ஊதாத நேரத்தில் யோசனை சொல்வான். நான் காபி போட்டால், "மெல்போர்ன்ல நாங்க இப்படிப் போட மாட்டோம், மாப்பிள." மரத்துக்குத் தண்ணீர் விட்டால், "மெல்போர்ன்ல இப்படி விட மாட்டோம்." ஒருநாள் தும்மினேன். அதற்கும் மெல்போர்னில் வேறு முறை இருந்தது.

இவனாவது ஒரு ஆள். இவர்களுக்கு மூத்தவள் ஒருத்தி, ஃப்ரோஸோ, டொராண்டோவில். அவள் பாடுவாள். அவன் ஊத, அவள் பாட, ஒருமுறை இரண்டும் சேர்ந்து நடந்தது. அதைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

"மேல ஒரு ரூம் போட்டாப் போதும் அவனுக்கு," என்றாள் கலியோப்பி. "கம்பி நிக்குது. காத்து அவனுது."

"காசு?"

"படகு வாங்க வச்சிருக்கியே."

இதுதான் என்னைச் சுட்டது. நாஃப்பிலியோ கரையில் ஒரு சின்னப் படகு வாங்க ஆரஞ்சு விற்ற காசைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். மீன் பிடிக்க இல்லை. மீன் பேசாது, அதற்காக.

"பாக்கலாம்," என்றேன். வீட்டில் ஆண்பிள்ளை சொல்லக்கூடிய கடைசி வார்த்தை அதுதான்.

காபிக்கடைக்குப் போனேன். அங்கே பக்கத்து வீட்டு தனாஸிஸ் தன் கூரையில் போட்ட சோலாரைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். கரண்ட் பில் சுண்டைக்காய் ஆகிவிட்டதாம். மீட்டரே அவனைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறதாம். நான் காதில் வாங்கவில்லை. ஆனால் கடைசியாக என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒன்று சொன்னான் பாருங்கள்.

"பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் கேரண்டி, ஸரான்டி. போட்டாப் போட்டதுதான். நடுவுல கழட்டக் கூடாது, அசைக்கக் கூடாது, ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

கையில் இருந்த காபி அப்படியே நின்றது. பெரிக்லிஸுக்கு என் வயசு. இருபத்தைந்து வருஷம் கழித்து அவன் படியே ஏற மாட்டான். மொட்டை மாடி முழுக்கப் பேனல் போட்டால்? ரூம் எங்கே போடுவாள்? காற்று அவனுடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் காற்று முழுக்க என் கண்ணாடி நிற்கும்! தனாஸிஸுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். பயந்துபோய்க் குடித்தான்.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "கலியோப்பி! சோலார் போடப் போறேன். மாடி பூரா."

அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் மனுஷா. செலவு."

"போட்டே தீருவேன்."

"வேணாம்னு சொல்றேன். நாம எரிக்கற கரண்டுக்கு எதுக்கு?"

"நாம எரிக்கற கரண்டா? நீதான் நான் குளிக்கப் போறதுக்குள்ள ஹீட்டரை அணைச்சுடறே! சோப்புப் போட்ட உடம்போட நடுங்கிட்டு நிக்கறது யாரு? இனிமே சூரியன் குடுக்கும். நான் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பேன்!"

"உன் இஷ்டம்," என்று நாரைத் தட்டில் போட்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கலியோப்பி வேண்டாம் என்பதைச் செய்துதான் நான் இந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று பேர் வாங்கியிருக்கிறேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எஞ்சினியர் வந்தாள். மிர்ஸினி என்று பேர். சின்னப் பெண், தலையில் தொப்பி, கையில் அளவு டேப். மாடிக்கு ஏறினோம், நானும் அவளும். கலியோப்பி துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே வந்தாள். வாளியில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது.

"எவ்வளவு ஆகும்மா?" என்றேன்.

"அது பலதைப் பொறுத்தது, மாமா."

"எதப் பொறுத்தது?"

"எவ்வளவு கரண்ட் எரிக்கறீங்க, எத்தனை பேனல் வேணும், மாடி எப்படி, நிழல் எப்படி, மீட்டர் எவ்வளவு தூரம், பேட்டரி வேணுமா..."

"நான் விலை கேட்டேன்மா. நீ என் ஜாதகம் கேக்கற."

"அதுதான் மாமா விலை."

"தனாஸிஸ் ஆறாயிரம் யூரோவுல முடிச்சானே!"

"அவரு வீடு பழைய காலத்து ஓட்டுக் கூரை. தெக்கப் பாத்துச் சரிஞ்சிருக்கு. பேனலை அப்படியே படுக்க வச்சாச்சு. உங்களுது மொட்டை மாடி. சாய்ச்சு நிறுத்தணும், அதுக்கு ஸ்டாண்டு. காத்துல பறக்காம இருக்க அதுக்குக் கனம். பேனல் இப்ப மலிவுதான் மாமா. அதைச் சுத்தி வர்றதுதான் காசு."

"கல்யாணம் மாதிரி," என்றாள் கலியோப்பி, துண்டை உதறிக்கொண்டே. "மாப்பிள்ளை மலிவுதான்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்க டேப்பை இழுத்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், கம்பிகளைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"நிழல் இடிக்குது. ஒரு பேனல் மேல நிழல் விழுந்தாக்கூட அந்த வரிசையே சோர்ந்து போயிடும். தொட்டி நிழல் ஒரு பக்கம். இந்தக் கம்பி, பாட்டில் எல்லாம் ஒரு பக்கம்."

"கம்பியை அறுத்துடுவோம்!" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

கலியோப்பி சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்கப்பா நட்ட கம்பி! அவரு எலும்பை அறுக்கற மாதிரி!"

"கம்பிதானேடி!"

"அறுக்கறதுன்னா மொதல்ல என்னை அறு." அப்புறம் குரலை இறக்கி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "நிழல் விழாத பாதில மட்டும் போடும்மா. செலவும் கம்மி. இந்தப் பக்கம் பாதி சும்மா காலியாக் கிடக்கட்டும்."

காலியாகக் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பாதியைப் பார்த்தாள். கறிக்கடையில் தொங்குகிற தொடையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்குச் சுரீர் என்றது. அந்தப் பாதியில் ஒரு கட்டில் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கிளாரினெட் தெரிந்தது.

"முழு மாடியும்!" என்று கத்தினேன். "ஒரு சாண் விடக் கூடாது!"

"அப்ப உசத்தணும் மாமா," என்றாள் மிர்ஸினி. "ஆள் உசரத்துக்கும் மேல இரும்புச் சட்டம் போட்டு, எல்லா நிழலையும் தாண்டி. அது நல்லதும்தான். அடியில காத்துப் போனா பேனல் சூடாகாது, கரண்ட் கூடவே வரும். ஆனா இரும்பு, வெல்டிங், கூலி..."

"வேணாம்மா," என்றாள் கலியோப்பி. "பந்தல் மாதிரி ஆயிடும்."

"பந்தல் மாதிரியே இருக்கட்டும்!" என்றேன்.

விலை ஒரு படி ஏறியது. நான் ஜெயித்த மாதிரி இருந்தது.

அடுத்து பேட்டரி. நான் வேண்டாம் என்றேன். பேட்டரி வைத்தால்தான் அரசாங்கம் உதவிப் பணம் தரும் என்றாள். சரி வை என்றேன். வைத்தால் விலை கூடும் என்றாள். அப்போது உதவி எதற்கு என்றேன். கூடின விலைக்கு என்றாள். கண்ணைக் கட்டிக்கொண்டு வட்டமாக நடந்த மாதிரி இருந்தது. நடந்தது நான், கூலி அவளுக்கு.

"பேட்டரியும் இன்வெர்ட்டரும் வெயில்ல நிக்கக் கூடாது மாமா. கீழ வச்சா கேபிள் நீளம், அதுக்கும் காசு. மேலயே வடக்கு ஓரமா ஒரு சின்ன அறை கட்டிட்டா நல்லது. வடக்குன்னா அதோட நிழல் பேனல் மேல விழாது."

"அறையெல்லாம் வேணாம்," என்றாள் கலியோப்பி உடனே. "ஒரு பலகைப் பெட்டி போதும்."

பலகைப் பெட்டியா? பெட்டியை நாளைக்கு ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, அங்கே அண்ணனை வைப்பாள். செங்கல்லை ஒதுக்க முடியுமா?

"செங்கல்!" என்றேன். "சிமெண்ட் தளம்!"

கொத்தனார் லாம்ப்ரோஸ் வந்தான். எவ்வளவு பெரிசு என்று கேட்டான்.

"ஒரு கட்டில் அளவு... ச்சே, ஒரு அலமாரி அளவு போதும்," என்றாள் கலியோப்பி.

அவள் நாக்குத் தடுக்கியதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். தவறாகக் கவனித்தேன். ஆகா, பயந்துவிட்டாள், இடம் போய்விடுமே என்று தவிக்கிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு மடங்காக் கட்டு லாம்ப்ரோ! பின்னாடி ரெண்டாவது பேட்டரி வாங்கினாலும் வாங்குவேன். சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டு. மிச்ச இடமே இருக்கக் கூடாது."

"ஜன்னல்?" என்றான் லாம்ப்ரோஸ்.

"பேட்டரிக்கு எதுக்கு ஜன்னல்?" என்றாள் கலியோப்பி. "மலையும் கோட்டையும் தெரியற மாதிரி வேற வைப்பீங்களோ?"

பேட்டரி சூடாகக் கூடாது, காற்றோட்டம் வேண்டும் என்று மிர்ஸினி சொல்லியிருந்தாள். மலைப்பக்கம்தான் காற்று வரும். வைத்தேன். கோட்டை படம் மாட்டின மாதிரித் தெரிந்தது.

அதோடு நின்றதா? வசந்தத்தில் எங்கள் ஊருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து செந்தூசி வரும். கடல் தாண்டி வந்து கார் மேலெல்லாம் படியும். பேனல் மேல் தூசி இருந்தால் கரண்ட் குறையும், அடிக்கடி கழுவ வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

"வாளியில தூக்கிட்டுப் போ மனுஷா," என்றாள் கலியோப்பி. "எதுக்குக் குழாய்?"

குழாய் போட்டேன். கை கழுவத் தொட்டி வைத்தேன். தண்ணீர் வெளியே போக வழி வைத்தேன். ஈரம் இறங்கக் கூடாது என்று டைல்ஸ் ஒட்டினேன். டைல்ஸ் வேண்டவே வேண்டாம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டதால், கொஞ்சம் பூப்போட்டதாகவே எடுத்தேன்.

கணக்குப் பார்த்தால், தனாஸிஸ் கொடுத்ததைப் போல மூன்று பங்கு. அரசாங்கப் பணம் ஒரு மூலைக்குக் காணவில்லை. படகுக் காசு கடலுக்குப் போகாமல் மாடிக்குப் போய்விட்டது. ஆனால் சுவிட்சைப் போட்ட அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! தெற்கே வரிசை வரிசையாகப் பேனல், வடக்கே பேட்டரி அறை, ஒரு பூனை படுக்கவும் வெட்டவெளி இல்லை. கலியோப்பி கீழே துணி துவைக்கிற மெஷின், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒன்றாகப் போட்டாள். என் ஹீட்டரை மட்டும் வழக்கம்போல் அணைத்தாள். பழக்கமாம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"இருபத்தஞ்சு வருஷம் கேரண்டி. நடுவுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. உங்கண்ணனுக்குச் சொல்லிடு, காத்து தீந்துபோச்சுன்னு."

"சரி," என்றாள். ரொட்டியைப் பிட்டாள். "சொல்லிடறேன்."

கத்தவில்லை. தட்டை வைக்கிறபோது சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். இன்னொரு துண்டு மீன் கேட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். கோயில் முடிந்து ஊரே வீதியில் நிற்கிறது. எங்கள் வாசலில் டாக்சி வந்து நின்றது. பெரிக்லிஸ் இறங்கினான். இரண்டு பெட்டி, கிளாரினெட் பெட்டி, அப்புறம் சுருட்டிக் கட்டின ஒரு மெத்தை. மெத்தையைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. எங்கே விரிப்பாய் மச்சான், எங்கே விரிப்பாய்?

"வா மச்சான், வா!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "மொதல்ல மாடிக்கு வா. ஒண்ணு காட்டணும்."

இடம் இல்லை என்பதை அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பது என் திட்டம். பின்னாலேயே தனாஸிஸ், லாம்ப்ரோஸ், இன்னும் பத்துப் பேர், துளசிக் கொத்தும் தீர்த்தக் கிண்ணமுமாகப் பாதிரியார். பாதிரியார் எதற்கு என்று யோசித்தேன். திருநாள்தானே, வீடு வீடாகப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

மாடிக்கு வந்தோம். பெரிக்லிஸ் நின்றான். பேனலுக்கு அடியில் குளுகுளுவென்று நிழல். காற்று அந்தப் பக்கம் புகுந்து இந்தப் பக்கம் போகிறது. குழாயைத் திறந்தான், தண்ணீர் வந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தான். டைல்ஸ். ஜன்னல். ஜன்னலில் மலை, மலை மேல் கோட்டை. மூலையில் பேட்டரி, ஒரு சின்ன மேஜை மாதிரி அடக்கமாக. மேலே அன்றைக்குக் காலையில் யாரோ வைத்த பூ ஜாடி.

திரும்பினான். கண் நிறைந்திருந்தது.

"மாப்பிள!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். "கலியோப்பி போன்ல சொன்னப்ப நான் நம்பல."

"என்ன சொன்னா?"

"'அந்த மனுஷன் வாயத் திறந்து சொல்லாது, கூச்சம். ஆனா படகுக் காசை எல்லாம் போட்டு உனக்காக மேல கட்டுது'ன்னா. 'நான் வேணாம் வேணாம்னு தடுக்கறேன், கேக்க மாட்டேங்குது'ன்னு அழுதா, மாப்பிள!"

"அது பேட்டரி ரூம்," என்றேன். என் குரல் எனக்கே தெரு முனையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பேட்டரிக்குப் பூப்போட்ட டைல்ஸா?" என்றான் தனாஸிஸ். ஊரே சிரித்தது. "எவ்வளவு அடக்கம் பாரு இவனுக்கு! நாங்க உன்னைக் கஞ்சன்னு நினைச்சோம் ஸரான்டி."

லாம்ப்ரோஸ் என் தோளைத் தட்டினான். "நான் அப்பவே சொன்னேன், ரெண்டு மடங்காக் கட்டச் சொன்னது இவன்தான்னு."

பாதிரியார் துளசியைத் தீர்த்தத்தில் முக்கி நான்கு சுவரிலும் தெளித்தார். ஐந்தாவதாக என் முகத்தில் அடித்தார். "நல்லா வேர் பிடிக்கட்டும்!" என்று எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். எங்கள் பக்கம் புது வீட்டுக்கு அப்படித்தான் வாழ்த்துவது. அங்கே ஒன்றும் வேர் பிடிக்கக் கூடாது என்றுதான் ஐயா நான் இத்தனை இரும்பை நட்டேன்! ஊர் முழுக்க நல்லவன் என்று சொல்லும்போது, ஒரு மனுஷன் எந்த வாயால் இல்லை என்பான்?

எல்லோரும் போனதும் கலியோப்பியைச் சமையலறையில் பிடித்தேன்.

"என்னை ஏமாத்திட்டே!"

"நானா?" என்றாள். கத்தரிக்காயைப் புரட்டிப் போட்டாள். "நான் என்ன கேட்டேன்? ஸ்டாண்டு கேட்டேனா? வேணாம்னேன். செங்கல் கேட்டேனா? வேணாம்னேன். ஜன்னல், குழாய், டைல்ஸ், எதையாவது ஒண்ணை வேணும்னு சொன்னேனா? அந்த எஞ்சினியர் பொண்ணைக் கூப்பிட்டுக் கேளு."

"சோலாராவது என் யோசனைதானே?"

அவள் உப்பு போட்டாள். ருசி பார்த்தாள்.

"தனாஸிஸ் பொண்டாட்டிகிட்டத்தான் சொல்லி வச்சேன்," என்றாள். "கேரண்டியைப் பத்தி மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பேட்டரியோட ஒரு மனுஷன் ஒரே ரூம்ல எப்படி இருப்பான்?" என்றேன். கடைசியாகக் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

"அது ராத்திரி மட்டும்தான் வேலை செய்யும், பகல்ல சும்மா நிக்கும். அண்ணனும் அப்படித்தான். ரெண்டும் ஒத்துப் போகும்."

ஒத்துத்தான் போனது. பெரிக்லிஸ் இப்போது கிளாரினெட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான். எங்கள் வீட்டில் கரண்ட் இலவசம்தானே. பகலெல்லாம் என் பேனல் பாடுபட்டு உழைக்கிறது, என் பேட்டரி சிந்தாமல் சேர்த்து வைக்கிறது, விடிவதற்கு முன்னால் அவன் அத்தனையையும் ஊதித் தீர்க்கிறான். நான் குளிக்கப் போகும்போது பேட்டரியில் சொட்டுக்கூட மிச்சமில்லை. சேவல் தனாஸிஸ் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. காலையில் நான் காபி போடும்போது மேலேயிருந்து குரல் வருகிறது: "மாப்பிள, மெல்போர்ன்ல இந்தப் பேனலை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வைப்போம்!"

போகட்டும். ஒரு ஆள்தான், பழகிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆரஞ்சு மஞ்சள் கட்ட ஆரம்பிக்கிற சமயம், போன வாரம் ஒருநாள் சாயங்காலம், பெரிக்லிஸ் காபிக்கடைக்குப் போயிருந்தான். மேலே ஏதோ சத்தம் கேட்டது. ஏறிப் போனேன்.

பேட்டரி அறைச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணி மேலே கலியோப்பி. அப்போதுதான் நான் அறையின் தலையைப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொத்துக் கம்பி, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. லாம்ப்ரோஸ் விட்டு வைத்தது. நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனாருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கலியோப்பி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கம்பி கம்பியாகப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க குளிர ஆரம்பிச்சிருச்சாக்கா?" என்று போனில் கேட்டாள். "டொராண்டோல எப்படித்தான் இருக்கியோ. இங்க காத்து நல்லா இருக்கு. இந்த ரூமுக்கு மேல இன்னும் நல்லா இருக்கும்."

"கலியோப்பி!" என்றேன். "இறங்குடி!"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கீழே பார்த்தாள்.

"ஒரு பாட்டில் கொறையுது," என்றாள். "நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம்."

நான் படியிறங்கி, மூச்சு வாங்க ஏறி வந்து நீட்டினேன். அவள் அதை வாங்கி, கடைசிக் கம்பியில் கவிழ்த்தாள்.